கண்டல் நடப்போறீங்களா? முதல்ல தண்ணியைப் பாருங்க

எங்கட வாவிக்கரையில ஒரு பெயர்ப்பலகை நிற்குது. ஜூன் 5, சுற்றாடல் தினம், பேனர், பொன்னாடை, 300 கண்டல் கன்று, உப்புத்தண்ணிச் சேற்றில வளர்ற அலையாத்தி மரம். முழங்கால் புதையச் சேற்றுக்குள்ள இறங்கி நானும் நட்டவன்தான். மார்கழி முடிய மிஞ்சினது பலகை மட்டும்.

ஜூனில மட்டக்களப்பு வாவி வற்றிக் கிடக்கும். அப்ப வெளியில தெரிஞ்ச சேற்றைக் கரை எண்டு நினைச்சம். மாரி தொடங்கி, பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்தை, வாவி கடலோட சேருற வாயை, வெட்டித் திறக்கிற வரைக்கும் அங்க இடுப்பளவு தண்ணி. கடல் ஏறி இறங்குறது நம்மட பக்கம் சொற்பம். வாவியை ஆட்டுறது மழையும் முகத்துவாரமும்தான். ஒரு சாண் கன்று கிழமைக்கணக்கா மூழ்கிக் கிடந்தா அழுகாம என்ன செய்யும்? சுனாமிக்குப் பிறகு இலங்கையில கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தாங்க. 9 இடத்தில ஒரு கன்றும் இல்ல.

அதனால ஒரு மாரி பொறுங்க. கரையில இருந்து பத்தடிக்கு ஒண்டா கம்பு ஊன்றி, தண்ணி எதுவரை ஏறுது, எத்தனை நாள் நிற்குது எண்டு சுண்ணாம்பால கோடு போடுங்க. பக்கத்தில தானா முளைச்ச கன்று எந்த மட்டத்தில நிற்குதோ, அதுதான் உங்கட மட்டம். தானாவே நிறைய முளைக்குதா? அப்ப நடவே தேவையில்ல. மாட்டை மட்டும் மறியுங்க.

ஒண்டும் முளைக்கல்லயெண்டா, தண்ணி வாற வழியை எது மறிக்குது எண்டு பாருங்க. ரோட்டா, அணைக்கட்டா, கொட்டின குப்பையா? என்ட மருமகன் கப்பல் வேலையில கரீபியன் கடல்ல போனேர் எண்டொரு சின்னத் தீவுக்குப் போய் வந்தவன். அங்க ஆடும் கழுதையும் மேய்ஞ்சு மண் அரிச்சு, லாக் குடாவில கண்டலுக்குள்ள ஓடுற வாய்க்கால்கள் தூர்ந்துபோச்சாம். தொண்டர்கள் கைவாளோட இறங்கி வாய்க்காலைத் திறந்துவிட, உள்ளுக்குள்ள கிடந்து வாடின மரத்துக்குத் திரும்பத் தண்ணி ஓடுதாம். நீங்க மண்வெட்டி எடுக்க முந்தி பிரதேச செயலகத்திலயும் வன இலாகாவிலயும் கேளுங்க, மறுகா வழக்குக்கு அலையாதீங்க. தில்லை மரம் குறுக்க நிண்டா கவனம். பால் கண்ணில பட்டா பார்வைக்கே கேடு.

இனி முளை, கண்டல் மரத்திலயே முளைச்சு நீளமாத் தொங்குற விதை. மரத்தில பறிக்காதீங்க, விழுந்ததைப் பொறுக்குங்க. பச்சையா, பாரமா, நண்டு கடிக்காததா இருக்கணும். கூர் நுனி கீழ, மொட்டு மேல. படிச்ச ஆக்களே தலைகீழா நட்டதைக் கண்டிருக்கன். மூண்டில ஒரு பங்கு புதைச்சாக் காணும். தண்ணி கூடின இடமெண்டா, பையில சேறு நிரப்பி நிழல்ல வச்சு, நாலைஞ்சு இலை விட்ட பிறகு நடுங்க. தை, மாசியில வெள்ளம் இறங்கின கையோட நட்டா, அடுத்த மாரிக்கு முந்தி வேர் பிடிக்க நாள் கிடைக்கும்.

கன்றுக்குக் கன்று ஒரு மீற்றர். சுத்திவரப் பழைய வலையைக் கட்டாதீங்க, மீனும் ஆமையும் மாட்டும். கம்பும் கிடுகும் போதும். மாசத்துக்கு ரெண்டு தரம் போய், கன்றில சுத்தின பாசியையும் பொலித்தீனையும் கையால எடுத்துவிடுங்க.

பிறகு நான் தனியா 40 நட்டன். 31 நிற்குது. மிச்சத்தில அஞ்சு பக்கத்து வீட்டு எருமைக்குப் போச்சு. வேலியை ஒல்லுப்போல தள்ளிப் போட்டிருக்கணும்.