ஷவர் சுவருக்கு போர்சலின் டைல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ டைல்ஸ் கடைக்குள் நுழைந்து குளியலறைச் சுவருக்கு என்று கேட்டால், போர்சலின் டைலை எடுத்து வைத்துவிட்டு கடைக்காரர் முதலில் சொல்வது, "இது தண்ணி குடிக்காது சார்" என்பதுதான். உண்மைதான். போர்சலின் என்றால் நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சுவருக்கென்றே வரும் சாதாரண செராமிக் டைல் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். ஆனால் ஷவர் சுவரில் பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு உண்மையைப் பாதி மட்டும் புரிந்துகொள்வதால் வருபவை.

தண்ணீர் குடிக்காத டைல் சிமெண்ட் பாலையும் குடிக்காது. பழைய செராமிக் டைலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பின்பக்கம் சிமெண்ட் பூசி ஒட்டுவார்கள். அதன் நுண்துளைகளுக்குள் சிமெண்ட் இறங்கி இறுகிப் பிடித்துக்கொள்ளும். போர்சலினில் அந்தத் துளைகள் கிட்டத்தட்ட கிடையாது. விழுந்த போர்சலின் டைல் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருக்கும். சுவரில் நிற்கும் சிமெண்டிலோ, டைலின் வரிகள் அச்சுப்போல அப்படியே பதிந்திருக்கும். ஒட்டவே இல்லை, ஒட்டியது மாதிரி இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"இத்தனை வருசமா சிமெண்டுலதான் ஒட்டுறோம், ஏதாவது விழுந்துதா?" என்று கொத்தனார் கேட்பார். அவர் சொல்வதும் பொய் இல்லை. அன்று அவர் ஒட்டியது செராமிக். வாங்கி வந்தது எது என்று சந்தேகமாக இருந்தால், டைலைக் கவிழ்த்து பின்பக்கம் ஒரு கரண்டி தண்ணீர் விடுங்கள். செராமிக் என்றால் கொஞ்ச நேரத்தில் ஈரம் உள்ளே இறங்கி அந்த இடம் கறுக்கும். போர்சலினில் தண்ணீர் அப்படியே நிற்கும். அவர் கண் முன்னாலேயே இதைச் செய்து காட்டினால் பாதி வாக்குவாதம் முடிந்துவிடும்.

அதனால் போர்சலினுக்கு டைல் பசைதான். பையில் ஐஎஸ் 15477 என்று, டைல் பசைக்கான இந்தியத் தர எண் போட்டு, பக்கத்தில் டைப் எண் இருக்கும். டைப் 1 செராமிக்குக்கு. போர்சலினுக்குக் குறைந்தது டைப் 2, பெரிய டைல் என்றால் டைப் 3 கேளுங்கள். "பசை நிறைய ஆகுது" என்று அதில் சிமெண்டைக் கலக்க விடாதீர்கள். கலந்தால் அது பசை இல்லை. டைலின் பின்பக்கம் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்துகிற பழக்கம் ஷவர் சுவருக்கு ஆகவே ஆகாது. இடையில் இருக்கும் காலி இடத்தில் தண்ணீர் போய்த் தங்கும், தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வரும். பல் வைத்த கொத்துக்கரண்டியால் சுவரில் சீராக இழுத்து, டைலின் பின்னாலும் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். ஒன்றிரண்டு டைலை ஒட்டிய உடனே பிரித்துப் பாருங்கள். பின்பக்கம் ஏறக்குறைய முழுவதும் பசை பிடித்திருக்க வேண்டும்.

அடுத்தது இன்னும் பெரிய தவறு. டைல் தண்ணீர் விடாது, அதனால் சுவருக்கு வாட்டர்புரூஃபிங் வேண்டாம் என்று நினைப்பது. தண்ணீர் டைல் வழியாகப் போவதில்லை; இணைப்புகள் வழியாக, மூலை வழியாக, குழாய் வெளியே வரும் ஓட்டை வழியாகப் போகிறது. குளியலறைக்கு மறுபக்கத்துப் படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் உப்பி உதிர்கிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். நம் குமரி மாவட்டத்தில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை. உள்ளே ஏறிய ஈரம் காய நாள் கிடைப்பதே இல்லை. குழாய் பதித்து, கசிகிறதா என்று பிரஷர் டெஸ்ட் பார்த்து, சிமெண்ட் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட் அடியுங்கள். ஷவர் பக்கம் ஏழடி உயரம் வரை போகட்டும், தரையும் சுவரும் சேரும் மூலையில் வலைத்துணி வைத்து அடிக்கட்டும். அதன் மேல் நேராகப் பசை, டைல். மழைக்காலத்தில் பூசிய சுவர் காய்ந்துவிட்டது என்று அவசரப்படாதீர்கள். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் வீடு என்றால் பூச்சு மணலில் உப்பு இருக்கக் கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் இணைப்புகளில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருக்கும்.

இனி தேர்வு. இரண்டுக்கு நாலடி டைல் கடையில் பார்க்க அழகுதான். ஆனால் 9 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்று ஏறக்குறைய 15 கிலோ வரும். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாவிட்டால் அதன் ஓரம் துருத்திக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். நாலுக்கு ஐந்தடி குளியலறைக்கு ஓர் அடிக்கு இரண்டடி போதும் என்பது என் கருத்து. வெட்டுவதில் வீணாவதும் குறையும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சுவரில் யாரும் நடக்கப்போவதில்லை. பட்ஜெட் இடித்தால் நல்ல செராமிக் டைலே சுவருக்குப் போதும். மிச்சமாகும் பணத்தை வாட்டர்புரூஃபிங்குக்கும் பசைக்கும் போடுங்கள். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

நிறத்தைக் கடையின் விளக்கு வெளிச்சத்தில், உலர்ந்த டைலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய் சாம்பிள் டைலில் தெளித்துக் காயவிட்டுப் பாருங்கள். உப்புத் தண்ணீர் என்றால் கறுப்பு பளபளப்பு டைலில் ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சொரசொரப்பான மேற்பரப்பில் சோப்பு அழுக்கு பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவிலான மங்கலான வழவழப்பு, வெளிர் சாம்பல் அல்லது மணல் நிறம் என்றால் பாடு குறைவு.

இடைவெளியே இல்லாமல் ஒட்டச் சொல்வதும் நிறையப் பேர் செய்வது. டைல்களுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி விடும் ஸ்பேசர் துண்டுகளை வையுங்கள். இல்லாவிட்டால் இணைப்பை அடைக்கும் கலவையான கிரவுட் உள்ளே இறங்காது. ஷவர் பக்கம் மட்டுமாவது எபாக்ஸி கிரவுட் போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் சிமெண்ட் கிரவுட் தண்ணீரை உறிஞ்சும், ஆடி மாதத்துக்குள் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். தண்ணீரில் இரும்பு இருந்தால் வெள்ளை கிரவுட் துருநிறமாகிவிடும். அதைப் போக்க ஆசிட் ஊற்றினால் சிமெண்ட் கிரவுட்டே கரைந்துவிடும்.

குழாய்க்கு ஓட்டை போட டைமண்ட் பிட்தான் வேண்டும், சுத்தியல் மோடில் ட்ரில் ஓட்டினால் டைல் விரிசல் விடும். பெட்டிகளில் பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி, மிஞ்சியதை எடுத்து வையுங்கள். அதே ஷேடு மறுபடி கிடைக்காது.