கத்திரி வருவதற்குள் தெருவைத் தயார் செய்வது எப்படி

கத்திரி வெயில் மே 4ஆம் தேதி தொடங்கும் என்று காலண்டரில் போட்டிருக்கும், ஆனால் தெருவுக்கான வேலையை அதற்கு ஆறேழு மாதம் முன்பே, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்திலேயே ஆரம்பித்துவிட வேண்டும். ஏப்ரலில் கூடிப் பேசினால் பந்தல் போடலாம், மோர் ஊற்றலாம், அவ்வளவுதான். சென்னையில் ஒரு தெரு, அதை ஒட்டி நாலைந்து சந்து, அந்த அளவு இடத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நலச்சங்கம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நாலு வீடு சேர்ந்தாலே போதும்.

முதலில் தெருவை நடந்து பாருங்கள், மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை. மதியம் கவனிக்க வேண்டியது நிழல்: பஸ் ஸ்டாப்பிலிருந்து ரேஷன் கடை வரைக்கும், பள்ளிக்கூட வாசலிலும், எங்கெங்கே நிழல் அறுந்து போகிறது என்று. இரவில் சுவரிலும் தரையிலும் கை வைத்துப் பாருங்கள், சிமெண்ட் தளமெல்லாம் பகலில் வாங்கிய சூட்டை அப்போதுதான் கக்கிக்கொண்டிருக்கும். இரவிலும் சூடு இறங்காவிட்டால் உடம்புக்கு ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை, வயதானவர்கள் தளர்ந்து விழுவது பெரும்பாலும் இதனால்தான். பார்த்ததை ஒரு தாளில் தெருவை வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள், சிமெண்ட் ஷீட் வீடுகள், தனியாக வசிக்கும் முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடு, கரிப்பெட்டியோடு நாள் முழுக்க நிற்கும் இஸ்திரி வண்டிக்காரர், எல்லாரும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பணமும் ஆட்களும் கொஞ்சமாகத்தான் கிடைக்கும், அதனால் ஏசி வாங்க முடியாத வீடுகளிலிருந்து தொடங்குங்கள். பக்கத்து வீட்டு ஏசி வெளியே தள்ளுகிற சூடும் அவர்கள் ஜன்னல் வழியாகத்தானே போகிறது.

மரத்தை எங்கே வைப்பது? சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், மே, ஜூன் மாதங்களில் உச்சியைத் தாண்டி லேசாக வடக்கே நிற்கும். அதனால் நண்பகலில் சுவர் நிழலை நம்பவே முடியாது, தலைக்கு மேல் குடை பிடிக்க மரம்தான் வேண்டும். வடக்கு தெற்காகப் போகும் தெருவில் காலையிலும் மாலையிலும் கட்டடங்களாவது ஒரு பக்கம் நிழல் கொடுக்கும். கிழக்கு மேற்காகப் போகும் தெருவில் அதுவும் கிடையாது, ஆகவே முதல் கன்றுகள் அங்கே. மின்கம்பிக்கு நேர் கீழே வேண்டாம், எதிர்ப்பக்கம் வையுங்கள், அப்போதுதான் வருஷா வருஷம் தலையை வெட்டாமல் மரம் மரமாக வளரும்.

எந்த மரம் என்றால், எனக்குப் புங்கன்தான் முதலில். இலை உதிர்ந்த கொஞ்ச நாளிலேயே தளதளவென்று துளிர்த்து, வெயில் ஏறும் நேரத்தில் அடர்ந்த நிழல் தந்துவிடும். வேம்பு, பூவரசு, மகிழம் எல்லாமே நல்லவை. சீக்கிரம் வளர்கிறது, பூ அழகாக இருக்கிறது என்று குல்மோகரை வைக்காதீர்கள், 2016 டிசம்பரில் வர்தா புயலில் அந்த மாதிரி மரங்கள் எத்தனை சாய்ந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வேரைச் சுற்றி சிமெண்ட் பூசி மூச்சை அடைத்துவிட்டால் எந்த மரமானாலும் விழும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமெண்டை அகற்றச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது, நம் தெருவிலும் அந்த ஒரு மீட்டரைக் கேட்டு வாங்குங்கள். நடைபாதைக்குப் புதிதாகக் கல் பதிக்க வரும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

மரம் நிழல் தர வருஷங்கள் ஆகும், ஆனால் கூரைக்கு வெள்ளை அடித்தால் இந்தக் கோடையிலேயே பலன் உண்டு. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடுதலாக இறந்தார்கள், அதற்குப் பிறகு 2013இல் அந்த மாநகராட்சி வெப்பத்தைச் சமாளிக்க ஒரு செயல்திட்டம் போட்டது, பின்னாளில் ஏழைகளின் கூரைகளை வெள்ளையாக்குவதும் அதில் சேர்ந்தது. பிப்ரவரி கடைசிக்குள் மாடியைக் கழுவி, பாசியைத் தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவிட்டு, வெயில் இறங்கிய பிறகு இரண்டு கோட் அடியுங்கள். கையில் காசு இருந்தால் கூல் ரூஃப் பெயிண்ட், இல்லாவிட்டால் சுண்ணாம்போடு ஃபெவிகால் கலந்தாலே போதும், ஆனால் ஒரு மழைக்காலம் போனால் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சிமெண்ட் ஷீட் மேல் யாரும் நேராகக் கால் வைக்கக் கூடாது, பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுரண்டவே சுரண்டாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

தண்ணீரைப் புகையாகத் தெளிக்கும் விசிறி, ஏர் கூலர் எல்லாம் வேலூர் மாதிரி வறண்ட வெயிலுக்குச் சரி. கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைய, அதில் இன்னும் ஈரத்தைச் சேர்த்தால் வியர்வை காயாமல் புழுக்கம்தான் கூடும். இங்கே வேண்டியது காற்று, கடல் காற்று வரும் பக்கத்தை பேனரும் தகரமும் வைத்து அடைக்காமல் இருந்தாலே பாதி வேலை.

தண்ணீர்ப் பந்தல் போடும்போது பக்கத்தில் பெண்கள் போக ஒரு கழிப்பறைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். தூய்மைப் பணியாளர்கள் பலர் தாகத்தை அடக்கிக்கொள்வது தண்ணீர் கிடைக்காததால் இல்லை, போக இடம் இல்லாததால். கல்யாண மண்டபமோ சமுதாயக்கூடமோ இருந்தால், கடும் வெயில் நாட்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை மின்விசிறியோடு திறந்துவைக்கச் சொல்லிக் கேளுங்கள். யாருக்காவது உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாமல் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

மாநகராட்சியிடம் கேட்க வேண்டியதைப் பகுதி சபைக் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள், கவுன்சிலர் கையெழுத்தோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்திருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிடலாம். யாராவது மரத்தை வெட்ட வந்தால் 1913க்கு உடனே சொல்லுங்கள். நட்ட கன்றுகளுக்கு முதல் இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற வேண்டும், எந்தக் கன்றுக்கு எந்த வீடு என்று நடுகிற அன்றைக்கே பெயர் எழுதிவிடுங்கள், ஊருக்குப் போகும் வாரத்தில் யார் ஊற்றுவார்கள் என்பதையும் சேர்த்து.