புகாகி ஏரிக்கரையில் கேம்பர்வேனில் தங்குவது எப்படி?

நியூசிலாந்தின் புகாகி ஏரிக்குப் போகுமுன் ட்வைசல் ஊரில் டீசல், குடிநீர், காய்கறி எல்லாம் வாங்கிவிடுங்கள். கழிவுநீர்த் தொட்டியையும் அங்கேயே காலி செய்யுங்கள். கரையில் இலவசமாக இரவு தங்க, கழிப்பறையும் தொட்டியும் வண்டிக்குள்ளேயே உண்டு என்ற சான்று கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போதே அதைப் பார்த்துவிடுங்கள்.

காற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வடமேற்கிலிருந்து அடித்தால் வண்டியே ஆடும். முன்பக்கம் காற்றை எதிர்கொள்ளும்படி நிறுத்துங்கள், கதவைக் கையில் பிடித்தபடி திறங்கள். வெளிப்பந்தலை இரவில் விரித்து வைக்கவே கூடாது.

ரசம் கொதிக்கும்போது ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஏரியில் ஊற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பனியாறுகள் பாறையை அரைத்து அனுப்பும் மாவு போன்ற தூள்தான் ஏரிக்கு அந்தப் பால்நீல நிறத்தைத் தருகிறது. வேறெங்கும் நான் பார்க்காத நீலம் அது. எதிரே 3,724 மீட்டர் உயர மவுண்ட் குக், மாவோரி மக்களின் ஆவோராகி. மேகம் ஏறுமுன் அதிகாலையிலேயே பாருங்கள்.

இரவில் வெளிவிளக்கை அணைத்துவிடுங்கள். 2012 முதல் இந்தப் பகுதி சர்வதேச இருள்வானக் காப்பகம், அதாவது நட்சத்திரங்கள் தெரிய இரவின் இருளைக் காக்கும் இடம். படுக்குமுன் கேஸ் வால்வை மூடுங்கள். கோடையிலும் கனமான போர்வை வேண்டும்.