'ட்வெல்வ் ஓ'கிளாக் ஹை': தலைமைப் பயிற்சிக்குத் திரையிடும் முறை

ஹென்றி கிங் இயக்கி 1949-ல் வந்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை அமெரிக்க விமானப்படை நெடுங்காலம் தலைமைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியிருக்கிறது. ஜெனரல் சாவேஜாக நடிக்கும் கிரிகரி பெக் சீறும் காட்சிகளை மட்டும் வெட்டிக் காட்டினால், 'கண்டிப்பு இருந்தால் காரியம் நடக்கும்' என்ற அரைகுறைப் பாடம்தான் மிஞ்சும். அதனால் 132 நிமிடத்தையும் ஓட்டுங்கள். பேச்சுக்கும் சேர்த்து நான்கு மணி நேரம் வேண்டும்.

திரையிடும் முன் பத்து நிமிடம் பின்னணி சொல்லிவிடுங்கள். இரண்டாம் உலகப் போர், 1942, இங்கிலாந்து. படத்தில் வரும் அமெரிக்க 918-வது குண்டுவீச்சுப் பிரிவு கற்பனைதான்; நிஜமான 306-வது பிரிவின் எண்ணை மூன்றால் பெருக்கி வைத்த பெயர் அது. பி-17 குண்டுவீச்சு விமானத்தில் பத்துப் பேர். பட்டப்பகலில் பறக்கிறார்கள். தலைப்பு கடிகார முள்ளை வைத்துத் திசை சொல்லும் வழக்கம்: எதிரி நேர் எதிரே, மேலே. மூக்குப் பக்கம் துப்பாக்கிப் பலம் குறைவு என்று தெரிந்துகொண்ட ஜெர்மானியர்கள் அங்கிருந்துதான் பாய்ந்தார்கள். இது தெரியாவிட்டால் பயம் புரியாது.

படம் ஏறத்தாழ சதுரச் சட்டகத்தில் எடுக்கப்பட்டது. புரொஜெக்டரில் அகலத்தை இழுத்து நிரப்பாதீர்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். ராணுவக் கொச்சை வேகமாக வரும், ஆகவே சப்டைட்டில் அவசியம்.

ஆளுக்கொரு தாள் கொடுங்கள். நடுவில் கோடு, இடப்பக்கம் பிரிவின் முதல் தளபதி டேவன்போர்ட், வலப்பக்கம் அவருக்குப் பதிலாக வரும் சாவேஜ். தன் ஆட்களைப் பற்றி ஒவ்வொருவரும் சொன்னது, செய்தது மட்டும் எழுத வேண்டும், கருத்து வேண்டாம்.

முதல் நிறுத்தம், கர்னல் டேவன்போர்ட் பதவி இழக்கும் இடம். தவறு செய்த நேவிகேட்டரை (விமானத்துக்கு வழி கணிப்பவரை) நீக்க மறுத்தவர் அவர். "நல்ல மனுஷனை ஏன் தூக்கினார்கள்?" என்று கேளுங்கள். தாளில் எழுதி வாங்கிய பிறகே பேச விடுங்கள். மேலதிகாரி முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள். முடிந்தால் மேலதிகாரிகளைத் தனிக் குழுவாக உட்கார வையுங்கள்.

அடுத்து ஜெனரல் சாவேஜ் முகாமுக்கு வரும் காட்சி. இதை இரண்டு முறை ஓட்டுவது நல்லது. வாசலுக்கு முன் காரை நிறுத்தி, ஓட்டுநரோடு சகஜமாக ஒரு சிகரெட் பிடிக்கிறார். பிறகு பின் இருக்கையில் ஏறுகிறார். அதற்குப் பின் குரலே வேறு. கடுமை அவர் சுபாவமல்ல, வேண்டுமென்றே போட்டுக்கொண்ட உடுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி படத்தில் இல்லை. முதல் தடவையில் பாதிப் பேர் தவறவிடுவார்கள்.

இரண்டாவது நிறுத்தம், விமானிகள் எல்லோரும் இடமாற்றம் கேட்கும்போது. வக்கீலாக இருந்த மேஜர் ஸ்டோவல் காகிதங்களை இழுத்தடித்து சாவேஜுக்கு நாள் வாங்கித் தருகிறார். டீன் ஜாகருக்குத் துணை நடிகர் ஆஸ்கார் வாங்கித் தந்த வேடம் இது. இங்கே விதி மீறல் சரியா என்று மட்டும் கேட்டால் விவாதம் சப்பென்று போகும். "ஸ்டோவல் யாருக்காக இதைச் செய்தார்?" என்று கேளுங்கள்.

மூன்றாவது, திரும்பி வரச் சொன்ன உத்தரவு ரேடியோ கோளாறால் கேட்கவில்லை என்று சாவேஜ் சாதிக்கும் இடம். குண்டு இலக்கில் விழுந்துவிட்டதால் அறையே கைதட்டும். "விழாமல் போயிருந்தால்?" என்ற கேள்வியை உடனே வையுங்கள்.

அதிகம் சொதப்புவது கடைசிப் பகுதியில்தான். விமானத்துக்குள் ஏற முயலும் சாவேஜின் கை ஒத்துழைக்க மறுக்கிறது. பிறகு சிலைபோல உட்கார்ந்துவிடுகிறார். 'பலவீனம்' என்று யாராவது சொல்வார்கள். மறுத்துப் பேசாமல் தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். வலப்பக்கக் குறிப்புகள் எந்த வரியிலிருந்து இடப்பக்கத்தைப் போல ஆகின்றன? காயமடைந்த விமானி கேட்லியை மருத்துவமனையில் சாவேஜ் பார்க்கப் போனதை எழுதியிருப்பார்கள். அங்கிருந்து பேச்சு தானாக நகரும்.

அவர் உட்கார்ந்திருக்கும்போது பிரிவை வழிநடத்திப் போகிறவர், சாவேஜ் ஒரு காலத்தில் கோழை என்று அவமானப்படுத்தி 'தொழுநோயாளர் காலனி' என்று பெயரிட்ட விமானத்துக்கு அனுப்பிய அதே கேட்லி. சாவேஜின் கடுமை பலித்தது, விலையும் கேட்டது. இரண்டையும் பலகையில் அடுத்தடுத்து எழுதி, எதையும் அழிக்காமல் விடுங்கள்.

விற்பனை இலக்கோடு ஒப்பிட ஆரம்பித்தால் நிறுத்துங்கள். அங்கே இலக்கு தவறினால் ஆள் திரும்பி வருவதில்லை.