பெங்களூர்ல ஸ்டெம் செல் கன்சார்ஷியம் கோஆர்டினேட்டர் ஆயிட்டீங்களா, இதப் படிங்க

பார்க்கின்சன், அல்சைமர்னு மூளை நோய்கள ஸ்டெம் செல் வெச்சு ஆராய நாலு இன்ஸ்டிட்யூட் சேர்ந்து வேலை பாக்குது, கோஆர்டினேஷன் உங்க தலையில விழுந்துருச்சுன்னா மொதல்ல பேப்பர் வேலைய முடிங்க. 2017 ஐசிஎம்ஆர்-டிபிடி (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், பயோடெக்னாலஜி துறை) கைட்லைன்ஸ் படி ஸ்டெம் செல் கமிட்டி அனுமதி தனி, எதிக்ஸ் கமிட்டி தனி, ஒரு இடத்துல வாங்கினா எல்லாருக்கும் செல்லும்னு நினைக்காதீங்க.

பேஷண்ட் கையெழுத்து போடுற கன்சென்ட் ஃபார்ம் கன்னடத்துல மட்டும் போதாது, ஓசூர், கிருஷ்ணகிரில இருந்து வர்ற நம்மாளுங்களுக்குத் தமிழ்லயும் வேணும். "ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுவோம்"னு மட்டும் எழுதாம, அதுல இருந்து செல் லைன் (லேப்ல தொடர்ந்து வளர்ற செல்கள்) உருவாக்கி வருஷக்கணக்கா வெச்சிருப்போம், வேற லேபுக்கும் குடுப்போம்னு தெளிவா எழுதுங்க. ஞாபகம் போன பேஷண்ட்னா அவருக்காக சட்டப்படி முடிவெடுக்கறவங்க கையெழுத்து.

பேஷண்ட் வர்ற நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி ஓசூர் ரோட்டுல, என்சிபிஎஸ் ஆராய்ச்சி மையம் பெல்லாரி ரோட்டுல, நடுவுல ஊர் டிராஃபிக் மொத்தமும் இருக்கு, அதனால சாம்பிள காலைலயே கிளப்புங்க.

லேபிள்தான் பெரிய தலைவலி. நாங்க ஒருதடவ செல் வைக்கிற குட்டி பாட்டில்ல (vial) மார்க்கர்ல எழுதி திரவ நைட்ரஜன் டேங்க்ல போட்டோம், மைனஸ் 196 டிகிரில இருந்து எடுத்து எத்தனால்ல துடைச்சதும் பேரே காணோம், எது யாரோட செல்லுன்னு கண்டுபிடிக்க ரெண்டு நாள் எஸ்டிஆர் (டிஎன்ஏ அடையாள டெஸ்ட்) ரிப்போர்ட்டும் கையுமா உக்காந்தோம். இப்ப "07-3-12", அதாவது பேஷண்ட் நம்பர், குளோன் (ஒரே செல்லுல இருந்து வந்த கூட்டம்) நம்பர், பாசேஜ் (எத்தனாவது தடவ புது தட்டுக்கு மாத்தி வளர்த்தது), இத குளிர் தாங்குற கிரையோ லேபிள்ல பிரிண்ட் பண்ணி ஒட்டுறோம், எல்லா லேபும் ஒரே ஷீட்.

செல் ஒரு லேப்ல இருந்து இன்னொரு லேபுக்கு கை மாறும்போதெல்லாம் எம்டிஏ (சாம்பிள் குடுக்கல் வாங்கல் ஒப்பந்தம்), மைக்கோபிளாஸ்மா (செல்லுல ஒளிஞ்சிருக்கற பாக்டீரியா) டெஸ்ட், கேரியோடைப் (குரோமோசோம் சரியா இருக்கான்னு பாக்குற டெஸ்ட்) மூணும் வேணும். மார்ச் 31க்கு முன்னாடியே யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட்டுக்கு (கிராண்ட் பணத்த எதுக்கு செலவழிச்சோம்னு காட்டுற கணக்கு) அக்கவுண்ட்ஸ் ஆளுங்கள தொரத்த ஆரம்பிச்சுடுங்க, ஃபில்டர் காபி வாங்கிக் குடுத்தா கொஞ்சம் வேகமா நகரும்.