டிஸ்க் நிரம்பிவிட்டதா? அழிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று லினக்ஸ் சொன்னதும் கையில் அகப்பட்ட ஃபைலை அழிக்கத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இடம் எங்கே போனது என்று கண்டுபிடிக்க இரண்டு கட்டளைகள் போதும். இரண்டுமே 1971-இல் வந்த முதல் யூனிக்ஸிலேயே இருந்தவை.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். டிஎஃப், டியு, -டி ஆகியவற்றில் வரும் டி, 'டிஸ்க்' என்ற சொல்லின் முதல் எழுத்து.

முதலில், நிரம்பியிருப்பது எது என்று பார்ப்போம்:

டிஎஃப் -எச்

கடைசி நெடுவரிசையில் வெறும் / மட்டும் உள்ள வரியைப் பாருங்கள். உபுண்டுவில் 'லூப்' என்று பெயர் வரும் வரிகள் 100% காட்டும். அவை ஸ்னாப் என்ற தொகுப்பு வடிவில் நிறுவப்பட்ட செயலிகள். எப்போதும் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

அடுத்து, இடத்தைத் தின்ற ஃபோல்டரைத் தேட வேண்டும்:

சூடோ டியு -எக்ஸ்எச் -டி 1 / | சார்ட் -எச்

'சூடோ' என்பது எஸ், யு, டி ('டிஸ்க்' சொல்லின் முதல் எழுத்து), ஓ; கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டும். 'சார்ட்' என்பது எஸ், ஓ, ஆர், டி ('டெர்மினல்' சொல்லின் முதல் எழுத்து); அளவுப்படி வரிசைப்படுத்தும். எக்ஸ் போடுவதால் தேடல் வேறு டிஸ்க்குகளுக்குள் போகாது. '-டி 1' இருப்பதால் ஒரு படி ஆழம் மட்டும் காட்டும். பெரிய டிஸ்க் என்றால் சில நிமிடங்கள் ஆகும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள். கடைசி வரியில் மொத்தக் கணக்கு இருக்கும். அதற்கு மேல் வரிதான் நாம் தேடுவது. அது /வார் (வி, ஏ, ஆர்) என்று வைத்துக்கொள்வோம். கட்டளையில் / இருந்த இடத்தில் /வார் போட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் /வார்/லாக். இப்படியே இறங்கிப் போய், கடைசி ஃபோல்டரில் எக்ஸ்எச் உடன் ஏ எழுத்தையும் சேர்த்தால் தனித்தனி ஃபைல்களும் தெரியும்.

சர்வர்களில் பெரும்பாலும் ஏதோ ஒரு லாக் ஃபைல்தான் (நிரல்கள் நடந்ததை எழுதி வைக்கும் ஃபைல்) ஊதிப்போய் நிற்கும். இங்கேதான் மிகவும் கவனம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தால், ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளையைப் போட்டாலும் இடம் திரும்பக் கிடைக்காது. பெயர் மட்டும் மறையும். நிரல் ஃபைலை மூடும்வரை டிஸ்க்கில் அது அப்படியே கிடக்கும். அதனால் அழிக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யுங்கள். பழைய லாக் பிறகு தேவைப்படும் என்றால் முதலில் வேறு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சூடோ ட்ரங்கேட் -எஸ் 0 ஃபைல்பெயர்

'ட்ரங்கேட்' என்பது டி, ஆர், யு, என், சி, ஏ, டி, இ. இதில் இரண்டு டி-யும் 'டெர்மினல்' சொல்லின் முதல் எழுத்து.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? சரி, அதற்கும் வழி உண்டு:

சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1

இதில் கூட்டல் குறிக்குப் பின் வரும் எல் மட்டும் பெரிய எழுத்து. பெயர் போயும் திறந்தே கிடக்கும் ஃபைல்கள் பட்டியலாக வரும். முதல் நெடுவரிசையில் உள்ள நிரலை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும்.

டிஎஃப் நிறைய இடம் இருப்பதாகக் காட்டியும் அதே பிழை வருகிறதென்றால் 'டிஎஃப் -ஐ' ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோட், அதாவது ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு, செலவாகும். குட்டிக் குட்டியாக லட்சக்கணக்கில் ஃபைல்கள் சேர்ந்தால், இடம் மிச்சமிருந்தும் ஐநோட் தீர்ந்துபோகும். பழைய செஷன் ஃபைல்கள், அனுப்பப்படாமல் தேங்கிய மெயில்கள் இருக்கும் ஃபோல்டர்களை முதலில் சோதியுங்கள்.