வாளிச் சேற்றில் மின்சாரம்: நுண்ணுயிர் மின்கலம் செய்வது எப்படி?

மதுரையில் செல்லூர்ப் பக்கமிருந்து வைகைக்கு வரும் பந்தல்குடி வாய்க்காலை மூக்கைப் பொத்தாமல் கடப்பது கஷ்டம். ஆனால் அந்த மாதிரி சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள், ஜியோபாக்டர் போன்றவை, கழிவைத் தின்றுவிட்டு எலக்ட்ரானை வெளியே தள்ளுகின்றன. பக்கத்தில் கார்பன் இருந்தால் எலக்ட்ரான் அதில் ஏறும். கம்பி வழியே அதைக் காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுபோனால் மின்சாரம். நுண்ணுயிரிடமிருந்து மின்சாரம் வருவதை இங்கிலாந்தில் எம். சி. பாட்டர் என்பவர் 1911-லேயே காட்டிவிட்டார்.

வாய்க்கால் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், நோய்க்கிருமி அதிகம். கண்மாய்க் கரம்பையும் அரிசி கழுவிய கழுநீரும் போதும்.

என்னென்ன வேண்டும்?

பத்து லிட்டர் வாளி, உள்ளங்கை அளவில் இரண்டு கார்பன் ஃபெல்ட் (கார்பன் இழையாலான, கம்பளி போன்ற துணி) துண்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, 1000 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), மல்டிமீட்டர், கையுறை. ஃபெல்ட் ஆன்லைனில் கிடைக்கும். வீடியோக்களில் சிலர் செம்புக் கம்பியையும் துத்தநாகத் தகட்டையும் சேற்றில் செருகி மின்சாரம் காட்டுவார்கள். அது துத்தநாகம் கரைவதால் வருவது. எலுமிச்சம்பழத்தில் குத்தினாலும் வரும். பாக்டீரியாவுக்கு அதில் வேலையே இல்லை. அதனால் மேலும் கீழும் ஒரே பொருள், கார்பன்தான் இருக்க வேண்டும்.

அடுக்கும் முறை

கண்மாயில் தண்ணீர் கிடக்கும் ஓரத்தில், ஒரு சாண் ஆழத்தில் மண் எடுங்கள். கறுப்பாக, அழுகிய முட்டை வாடை அடித்தால் சரியான மண்; காற்றுப் புகாத இடம் என்று அர்த்தம். கல், வேர் எல்லாம் பொறுக்கிவிட்டு ஒரு டம்ளர் கழுநீர் விட்டுப் பிசையுங்கள். சோப்பு, பிளீச்சிங் பவுடர் பட்ட தண்ணீர் ஆகாது.

எஃகுக் கம்பியை ஃபெல்ட்டில் நாலைந்து இடத்தில் தையல் போடுவதுபோல் ஏற்றி இறக்குங்கள். வாளியில் இரண்டு அங்குலம் மண், அதன்மேல் ஒரு ஃபெல்ட், மறுபடி மூன்று அங்குலம் மண். காற்றுக் குமிழி இல்லாமல் கையால் அமுக்க வேண்டும். ஒரு மெல்லிய குழாயை ஃபெல்ட் வரை இறக்கி வையுங்கள். பின்னால் கழுநீர் ஊற்ற அதுதான் வழி. அப்புறம் மண்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் சேறு கலங்காது. நான்கு அங்குலம் போதும். தட்டை எடுத்துவிட்டு, இரண்டாவது ஃபெல்ட்டைத் தெர்மாகோல் துண்டில் கட்டி மிதக்க விடுங்கள்: அடிப்பக்கம் தண்ணீரில், மேல்பக்கம் காற்றில்.

இரண்டு கம்பிக்கும் நடுவே ரெசிஸ்டரை இணையுங்கள். காற்றோட்டமான நிழலில் வாளி இருக்கட்டும். நம்ம ஊர் வெக்கை பாக்டீரியாவுக்குப் பிடிக்கும்.

மீட்டரைப் பார்ப்பது

சிவப்பு முனை மேல் கம்பியில், கறுப்பு கீழ்க் கம்பியில், ரெசிஸ்டரின் இரு பக்கமும். முதல் சில நாள் சொற்பமாகத்தான் காட்டும். ஃபெல்ட்டில் பாக்டீரியா படர நாளாகும். பிறகு மெல்ல ஏறும். குழாயில் அவ்வப்போது அரை டம்ளர் கழுநீர் போதும். அளவுக்கு மீறினால் அது மேலே கசிந்து, அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், மீட்டர் படுத்துவிடும்.

300 மில்லிவோல்ட் வந்தால் நல்ல கலம். ஆனால் கணக்குப் போடுங்கள்: 0.3 வோல்ட், 1000 ஓம் என்றால் 0.09 மில்லிவாட். 5 வாட் மொபைல் சார்ஜருக்கு ஐம்பத்தைந்தாயிரம் வாளி வேண்டும்! மின்சாரத்துக்காக இதைச் செய்வது வீண் என்பதே என் கருத்து. லாபம் வேறு இடத்தில். வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் ஊதிகளை ஓட்டிக் காற்றுச் செலுத்தவே பெரும் மின்செலவு. இந்தக் கலத்தில் கழிவு தின்னப்படும் இடத்துக்குக் காற்றே தேவையில்லை, கசடும் குறைவு. கார்பன் முனைகளின், அதாவது ஃபெல்ட்டின், விலைதான் பெரிய அளவுக்குப் போக விடாமல் தடுக்கிறது.

உரமும் உண்டு. மேல்முனையில், அதாவது மிதக்கும் ஃபெல்ட்டில், காரத்தன்மை ஏறும். கழிவுநீரில் அம்மோனியமும் பாஸ்பேட்டும் மெக்னீசியமும் போதுமான அளவு இருந்தால் அவை சேர்ந்து ஸ்ட்ரூவைட் என்ற படிகமாகும், வயலுக்குப் போடலாம். வாளியில் அது கண்ணுக்குத் தெரியாது, சிறுநீர் போன்ற செறிவான கழிவில்தான் கைக்கு வரும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2013-ல் சிறுநீரில் ஓடும் கலங்களால் மொபைலுக்கே சார்ஜ் ஏற்றினார்கள்.

இது கிருமியைக் கொல்லாது. மேல் தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றுங்கள், கீரைக்கு வேண்டாம்.

சிவப்பு எல்இடி எரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய 1.8 வோல்ட் தேவை. வாளிகளைத் தொடராக இணைக்கலாம்; ஒவ்வொன்றும் தனித்தனி வாளியாகவே இருக்க வேண்டும். ஒரு வாளி சோர்ந்தாலும் அதன் நேர், எதிர் முனைகள் தலைகீழாகத் திரும்பிவிடும், அதனால் இணைக்குமுன் ஒவ்வொன்றையும் தனியாக அளந்துவிடுங்கள்.